இடப்பக்கத் தாடை

செத்த தள்ளி உக்காருங்க தம்பி, மூணு பேரு சீட்டுதானுங்க. அட, கன்னம் வீங்கியிருக்குது, வாயில பஞ்சு வேற. பல்லு புடுங்கினீங்களா? இல்லை இல்லை, பேசாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. எச்சியும் துப்பக் கூடாது, முழுங்கிக்கோணும். துப்புனீங்கன்னா மறுபடி ரத்தம் வந்துரும். எனக்கு எல்லாம் தெரியும். இந்த ஒன்றரை வருசத்துல பல்லு வைத்தியத்துல நான் பாதி டாக்டரு ஆயிட்டனுங்க. நீங்க பஞ்சைக் கடிச்சுட்டு இருங்க, நான் பேசறேன். இன்னிக்கு யாருகிட்டயாவது பேசலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போகும்.

திருச்செங்கோடுதானுங்களே போறீங்க? தலைய மட்டும் ஆட்டுங்க. சரி. ஊரு அதுதானா? இல்லையா. வெளியூரு. அது ஒருவகையில நல்லதாப் போச்சு.

இப்ப ஈரோடு பஸ் ஸ்டாண்டுல பாத்திருப்பீங்க. கரூர் பஸ்ல ஒரு பொண்ணு ஏறிச்சே, நான் கீழ நின்னு ஜன்னலைத் தட்டிட்டு இருந்தேனே. பாத்தீங்கல்ல? பஸ் ஸ்டாண்டே பாத்துது. அதான் எம் மக கோகிலவாணி. ஒரே புள்ள. நான் தட்டத் தட்ட, கண்ணாடிய இழுத்து விட்டுட்டா. அவங்கம்மா செத்துப் போயி இந்த எட்டு மாசத்துல நான் ஒரு போன் எடுக்கலைன்னா அடுத்த பஸ்ஸு ஏறி வந்து நிக்கற புள்ளைங்க அவ. இன்னிக்குத் திரும்பிப் பாக்கலை.

எல்லாம் அந்தப் பல்லு டாக்டரால. நீங்களே சொல்லுங்க, படிச்ச புள்ள, எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லிட்டு, இன்னிக்கு எம் மக முன்னால அதை மாத்திச் சொல்லலாமுங்களா? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? ஒரு செவ்வாக்கிழமை ரெண்டு செவ்வாக்கிழமை இல்லை, முப்பது முப்பத்தி ரெண்டு செவ்வாக்கிழமை சொல்லியிருக்குது. சரி, மொதல்ல இருந்து சொல்றேன். இல்லீன்னா உங்களுக்குப் புரியாது.

எம் பேரு அர்த்தநாரிங்க. தறி ஃபிட்டரு. கைத்தறி இல்லை, கரண்டுல ஓடற தறி. பள்ளிபாளையத்துல இருந்து செங்கோடு வரைக்கும் எந்தத் தறிப் பட்டறையில போயி அர்த்தநாரின்னாலும் டீ வாங்கிக் கொடுப்பாங்க. கண்ணால பாக்கறவன் இல்லை தம்பி நான், காதால பாக்கறவன். நாப்பது தறி ஒண்ணா ஓடற பட்டறையில வாசப்படியில நின்னு செத்த நேரம் கேட்டா, அந்த மூலையில ஏழாவது தறிக்குப் பேரிங்கு போச்சுன்னு சொல்லிப் போடுவேன். மொதலாளிமாருக எல்லாம் வாயப் பொளப்பாங்க.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. நல்லா ஓடிட்டு இருந்த தறியில ஒரு சாமானை மாத்துறோம். மாத்துன அப்பறம் புதுசா ஒரு சத்தம் வருது. அப்ப வேற எங்கயும் போயித் தேடக் கூடாது. மாத்துன சாமானைத்தான் மொதல்ல கழட்டிப் பாக்கோணும். கோளாறு அங்கதான் இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரு சொன்னது. நாப்பத்தி ரெண்டு வருசத்துல இது ஒருக்காக் கூடப் பொய்யானதில்லை. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

ஊட்டுக்காரி பேரு சம்பூரணம். அவளுக்குக் கீழ்த்தாடையில இடப்பக்கம் மூணு பல்லு இல்லைங்க. கோகிலா வயித்துல இருக்கறப்பவே ஆட ஆரம்பிச்சது, ஒவ்வொண்ணாப் போச்சு. கழட்டி மாட்டற பல்லு செட்டு ஒண்ணு கட்டிக் கொடுத்திருந்தோம். அது ஒண்ணும் சரியாப் பொருந்தலை, பேசறப்ப டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். எனக்கு அது ஆகாது. எங்க ஊட்டுலயே லூசு போல்ட்டு சத்தம் கேக்கலாமுங்களா?

சங்ககிரியில ஒறம்பரை, எங்க சொந்தக்காரங்க ஊட்டுல ஒரு காதுகுத்து. பந்தியில உக்காந்திருக்கறா. வடைய ஒரு கடி கடிச்சா, செட்டு கழண்டு எலையில விழுந்துருச்சு. எதுத்தாப்புல இருந்த ஒருத்தி பாத்துட்டுச் சிரிச்சுப் போட்டா. சம்பூரணம் என்ன பண்ணினா தெரியுங்களா? எலைய அப்படியே மூடி, செட்டையும் உள்ள வெச்சு மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டா. எடுத்துக் கழுவி மாட்டறதுக்குக் கூட வெக்கம். ஊட்டுக்கு வந்து, பல்லு எங்கடின்னேன். எலையில போச்சுங்கன்னா. அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இருக்குதே. அவ மேல இல்லீங்க, அந்தச் சிரிச்சவ மேல. எம் பொண்டாட்டி ஒரு வடைய நிம்மதியாக் கடிக்கோணும், அவ்வளவுதானே? அதுக்கு மேல நான் என்ன ஆசைப்பட்டேன்?

அப்பத்தான் இந்த இம்ப்ளான்ட் பல்லைப் பத்தி ஒருத்தரு சொன்னாரு. ஈரோட்டுல, மாடியில ஆசுபத்திரி. டாக்டரு பேரு தாட்சாயணி. முப்பது வயசுக்கு மேல இருக்காது. மேசை மேல ஒரு தாடை பொம்மைய வெச்சு வெளக்குச்சுங்க. எலும்புல துளை போட்டு, மரை போட்ட ஆணி ஒண்ணை உள்ள முடுக்கிப் போடறாங்க. மூணு மாசம் அப்படியே விட்டா, எலும்பு வளர்ந்து அதைப் புடிச்சுக்குது. அப்பறம் மேல பல்லு மாதிரி கேப்பு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அட, இது நம்ம வேலையேதானேன்னேன். ஆணி எத்தனை எம்எம், எவ்வளவு இறுக்கம், எல்லாங் கேட்டேன். அந்தப் புள்ள சலிக்காம பதில் சொல்லுச்சு. அதுக்கும் ஒரு ஸ்பேனரு இருக்குதுங்க, வெரலு நீளத்துல. இவ்வளவு முடுக்கினாப் போதும்னா அதுவே நின்னுக்குது. நான் கையில வாங்கிப் பாத்தேன். என்ன நேர்த்தி!

சம்பூரணத்துக்குத்தான் பயம். ஏனுங்க, எலும்புல ஆணி அடிக்கறதுங்களா, நான் இப்படியே இருந்துட்டுப் போறனேன்னா. நான் இருக்கறனல்லன்னேன். அவ்வளவுதான், அப்பறம் அவ மறுபேச்சுப் பேசலை. நான் இருக்கறேன்னா அவளுக்குப் போதும்.

அந்த மூணு மாசம் நான் சமைச்சனுங்க தம்பி. சிரிக்காதீங்க, பஞ்சு நகரும். கண்ணாலமாகி முப்பத்தாறு வருசத்துல நான் அடுப்புப் பத்த வெச்சது அப்பத்தான். கடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல, பருப்பைக் கடைஞ்சு, சோத்தைக் கொழைய வெச்சுப் பிசைஞ்சு கொடுப்பேன். உப்பு இருக்காது, இல்லைன்னா உப்பே இருக்கும். நல்லா இருக்குதுங்கன்னு திம்பா. ஆணி புடிச்சுதா புடிச்சுதான்னு தெனம் கேட்டு அவளை நச்சரிச்சேன். எலும்பு வளர்றது எனக்கு எப்படிங்க தெரியும்னு சொல்லுவா.

கேப்பு போட்ட அன்னிக்கு இதே பஸ்ஸுதான், இதே நேரம். ஸ்டாண்டுல வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தேன். மொதல்ல பயந்து பயந்து ஒண்ணு போட்டா. அப்பறம் ஒரு கை. கடுக்கு கடுக்குன்னு மெல்லறா. நான் கண்ண மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டுட்டே வந்தனுங்க. ஒரு கோளாறு இல்லாத சத்தம். பத்து வருசங் கழிச்சு அவ இடப்பக்கம் கடிக்கறா. அன்னிக்கு நான் இருந்த சந்தோசத்துல எம் பொழப்புல எப்பவும் இருந்ததில்லை.

இருபது நாள் கூட ஆகலைங்க. அமாவாசைக்குச் செங்கோட்டு மலைக் கோயிலுக்கு ஏறுனோம். எங்க மலைக்குப் பஸ்ஸும் போகுது, ஆனா அவ படியேறித்தான் போவா, பொண்ணா இருந்ததுல இருந்தே அப்படி. பாதிப் படியில உக்காந்துட்டா. தாடைய இப்படிப் புடிச்சுக்கிட்டு. என்னடின்னேன். இடப்பக்கம் இழுக்குதுங்கன்னா. செத்த நேரம் உக்காந்தா, போயிருச்சு. மறுபடி ஏறுனா, மறுபடி வந்துருச்சு. மாடிக்குத் துணி காயப் போடப் போனாலும் வருது. கொடம் தூக்குனா வருது. உக்காந்தா நின்னு போகுது.

இப்பச் சொல்லுங்க. பல்லு கட்டுனது இடப்பக்கம். வலிக்கறது இடப்பக்கம். கட்டறதுக்கு முன்னால வலி இல்லை. கட்டுன அப்பறம் வலி. எந்த மடையனுக்கும் தெரியாதுங்களா கோளாறு எங்கன்னு?

நேரா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அந்தப் புள்ள எக்ஸ்ரே எடுத்துது. தட்டிப் பாத்துது, ஆட்டிப் பாத்துது. எலும்பு நல்லாப் புடிச்சிருக்குதுங்கய்யா, ஆணியில ஒண்ணுமில்லைன்னுச்சு. அப்பறம் அவகிட்டத் திரும்பி, ஏனுங்கம்மா, கடிக்கறப்ப வலிக்குதான்னு கேட்டுது. இல்லை கண்ணு, படியேறுனா வலிக்குதுன்னா இவ. உக்காந்தா நின்னுருதா? நின்னுருது. வேர்க்குதா? வேர்க்குது. அந்தப் புள்ள மூஞ்சி மாறிப் போச்சு. இது பல்லு வலி மாதிரி தெரியலை, நெஞ்சு டாக்டரைப் பாத்து ஒரு ஈசிஜி எடுத்துருங்கன்னு எழுதிக் கொடுத்துது, அவங்க வெச்சுக்கற சீட்டுலயும் எழுதிக்கிச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? பல்லுக்கு வந்தவங்களை நெஞ்சைக் காட்டுங்குது. நான் பட்டறையில இந்த மாதிரி ஃபிட்டருகளை எத்தனை பாத்திருக்கறேன். தான் மாட்டுன சாமான் மேல பழி வந்துரக் கூடாதுன்னு, மோட்டாருல கோளாறு, கரண்டுல கோளாறுன்னு கையைக் காட்டிட்டுப் போவானுங்க. நான் பதவிசாத்தான் சொன்னேன், ஏனம்மா, அந்த ஆணிய ஒரு கால் சுத்து தளர்த்திப் பாரேன், இறுக்கம் எச்சாப் போயிருக்கும்னு. அது சிரிச்சுது. அப்படியெல்லாம் தளர்த்த முடியாதுங்கய்யான்னுச்சு. சிரிச்சதுல எனக்கு இன்னும் கோவம்.

பத்து நாள் கழிச்சு மறுபடி போனோம். மறுபடி அதேதான். மறுபடி சீட்டுல எழுதுச்சு. ஊட்டுக்கு ரெண்டு தடவை போன் வேற பண்ணுச்சுங்க, ஐயா, ஈசிஜி எடுத்தாச்சான்னு. நான் வெச்சுட்டேன். வேற ஒரு பல்லு டாக்டர்கிட்டயும் காட்டுனேன். அவரும் பல்லு நல்லா இருக்குதுன்னாரு. எல்லாம் ஒரே கூட்டம், ஒருத்தனை ஒருத்தன் விட்டுக் கொடுக்க மாட்டானுங்க. நான் ஊட்டுலயே உப்புத் தண்ணி கொப்புளிக்க வெச்சேன், கிராம்புத் தைலம் தடவுனேன், துணிய அனல்ல காட்டித் தாடையில ஒத்தடம் கொடுத்தேன். தெனம் ரெண்டு வேளை, நானே. ஒரு நாளு கூட விட்டதில்லை. அதை யாருங்க எழுதி வெச்சிருக்கறாங்க?

மூணாந் தடவை நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அந்தப் புள்ள கேப்பைக் கழட்டுச்சு, ஆணிய எனக்கே காட்டுச்சு. பாருங்கய்யா, நீங்களே ஃபிட்டருதானே, இதுல லூசு இருக்குதா, துரு இருக்குதான்னு. நான் டார்ச்சடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமில்லை. கண்ணுக்குத் தெரியாத கோளாறு இருக்கும்னு சொல்லிட்டேன். அது சிவப்புப் பேனாவுல எழுதுச்சு. ஐயா, நாளைக்கே போங்க, இதே ரோட்டுலதான் ஆசுபத்திரி, நான் வேணும்னா கூட வர்றேன்னுச்சு. பாத்தீங்களா, எவ்வளவு அவசரம், பழியத் தள்ளி விடறதுக்கு?

டிக்கெட் எடுத்துட்டீங்களா? எடுத்தாச்சா. பள்ளிபாளையம் தாண்டுனா கூட்டம் எறங்கிரும்.

அது நடந்து நாலு நாள், ஒரு செவ்வாக்கிழமை. கேப்பு மறுபடி மாட்டறதுக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அந்த ஆசுபத்திரிப் படி இருபத்தி ரெண்டுங்க. எண்ணியிருக்கறேன். பன்னெண்டாவது படியில உக்காந்துட்டா. எந்திரி, டோக்கன் போயிரும்னேன். கையப் புடிச்சுத் தூக்கி விட்டேன். ஏறிட்டா. உள்ள போயி அந்தச் சாஞ்ச நாற்காலியில படுத்தா. டாக்டரு வாயத் தொறங்கம்மான்னு கிட்ட வந்துது. வந்தது வாயைப் பாக்கலை, மூஞ்சியப் பாத்துது. மணிக்கட்டைப் புடிச்சுது. அப்பறம் போட்டுது ஒரு சத்தம். நாலு பேராச் சேர்ந்து தூக்கி எறக்குனாங்க. அந்தப் புள்ள செருப்புக் கூடப் போடலை, ரோட்டுல வெறுங்காலோட ஓடி வந்துது கூடவே. பெரிய ஆசுபத்திரியில சேர்க்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

எம் பொண்டாட்டி உசுரு பல்லு டாக்டரு நாற்காலியில போச்சுங்க. அப்ப யாரு பொறுப்பு? நான் கேட்டதுல தப்பு இருக்குதுங்களா?

காரியம் எல்லாம் முடிஞ்சு, அடுத்த செவ்வாக்கிழமை போனேன். ஆளுக நெறைய உக்காந்திருந்தாங்க. எனக்கு அதெல்லாம் கண்ணுக்குத் தெரியலை. ஏம்மா, எம் பொண்டாட்டியக் கொன்னது நீதானேன்னு கத்துனேன். அந்தப் புள்ள உள்ள இருந்து வந்துது, கையில உறை, வாயில துணி. துணிய எறக்கிட்டு என்னையே பாத்துட்டு நின்னுது. அழுவும்னு நெனைச்சேன், போலீசைக் கூப்புடும்னு நெனைச்சேன். ஆமாங்கய்யான்னுச்சு. ஆமாங்கய்யா, நான் அன்னிக்கே அவங்க கையப் புடிச்சு அந்த ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கோணும், எந் தப்புதானுங்கய்யா. பாத்தீங்களா? அது வாயாலயே ஒத்துக்குச்சு. அத்தனை பேரு முன்னால.

அன்னிக்கு ராத்திரி தூங்குனனுங்க தம்பி. அவ போனதுல இருந்து அன்னிக்குத்தான் கண்ணசந்தேன். ஒரு அஞ்சாறு நாள் அப்படியே ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை வர வர மறுபடி நெஞ்சுக்குள்ள கொடைய ஆரம்பிச்சுது. செவ்வாக்கிழமை மறுபடி போனேன். மறுபடி கேட்டேன். ஆமாங்கய்யா. அப்பறம் அது பழக்கமாகிப் போச்சு. டோக்கன் கொடுக்கற பொண்ணு, உக்காருங்கய்யா, கடைசியாப் பாத்துக்கலாம்னு டீ வாங்கிக் கொடுக்கும். எல்லாரும் போன அப்பறம் டாக்டரு வந்து எம் பக்கத்துல உக்காரும். நான் கேப்பேன். அது சொல்லும். நான் பஸ்ஸேறிருவேன். மருந்து வாங்கிட்டு வர்ற மாதிரி.

கோகிலாகிட்டச் சொன்னேன், டாக்டரே ஒத்துக்கிச்சு கண்ணுன்னு. ஒறம்பரைகிட்டச் சொன்னேன். பட்டறை பட்டறையாச் சொன்னேன். எல்லாரும் எம் மேல பாவப்பட்டாங்க. கோகிலா மட்டும் ஒத்துக்கிட்டாங்களா, எதுக்குப்பா ஒத்துக்கிட்டாங்கன்னு கேட்டுட்டே இருந்தா. என்ன நடந்துதுன்னு நானே அவங்க வாயில கேக்கோணும்பா. கேளு வான்னேன். எனக்கென்ன பயம்? முப்பது தடவை சொன்ன வாயி.

இன்னிக்குக் கூட்டிட்டுப் போனேன். கோகிலா கும்புட்டுட்டுக் கேட்டா, மரியாதையாத்தான் கேட்டா. டாக்டரம்மா, எங்கம்மா உங்களாலதான் போனாங்களாங்கன்னு. அந்தப் புள்ள என்னையப் பாத்துது. நான் தலைய ஆட்டுனேன். சொல்லும்மா, சொல்லுன்னு. அது கோகிலா பக்கம் திரும்புச்சு. அப்பறம், இல்லீங்க அக்கான்னுச்சு. இல்லை! எம் முன்னாலயே! ஐயாகிட்ட நான் சொன்னது வேறைங்க, நீங்க அவங்க பொண்ணு, இது உங்களுக்கும் வரலாம், நீங்களும் நெஞ்சைப் பாத்துக்கோணும், உங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாதுங்கன்னு, பீரோவுல இருந்து அந்தச் சீட்டை எடுத்து வெச்சுது.

கோகிலா வாசிச்சா. மூணு தேதி. மூணாவது சிவப்புல. விரலை வெச்சு வெச்சு வாசிச்சா, ஒண்ணாங் கிளாஸுல எழுத்துக் கூட்டுவாளே, அப்படி. அப்பா, இது என்னப்பான்னா. எல்லா டாக்டரும் இப்படித்தான் கண்ணு எழுதி வெச்சுக்குவாங்க, தப்பிச்சுக்கறதுக்குன்னேன். அவ என்னைப் பாக்கலை. அம்மா கடைசியாப் போன்ல என்ன சொன்னாங்க தெரியுமாப்பான்னா. பல்லு வலிதான் கண்ணு, அப்பா பாத்துக்கறாரு, நீ வெசனப்படாதன்னு சொன்னாங்களாம்.

அப்பா பாத்துக்கறாரு.

இருங்க தம்பி. துண்டை எடுத்துக்கறேன். ஒண்ணுமில்லை, காத்து. காவேரிப் பாலத்து மேல எப்பவுமே காத்து எச்சு.

படியெறங்கி வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஸ்டாண்டுக்குள்ள நின்னு கேட்டா, அம்மா ஒரு தடவை கூட உங்ககிட்ட நெஞ்சு வலின்னு சொல்லலையாப்பான்னு. இல்லை கண்ணு, பல்லுன்னுதான் சொன்னான்னேன். எங்கப்பா வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு, தெரியாமத்தான் பண்ணியிருப்பாருன்னு அவளே சொன்னா. அப்பறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, வர்ற வெள்ளிக்கிழமை அறுபதாம் படிக்கு வாங்க, அம்மா நெஞ்சுன்னு சொல்லவே இல்லைங்கறதை அங்க நின்னு எனக்குச் சொல்லுங்கன்னா. சொல்லிட்டீங்கன்னா அப்பறம் ஊரே திரும்புனாலும் நான் உங்க பக்கம் நிப்பேன், எங்க ஊட்டுக்கே உங்களைக் கூட்டிட்டுப் போயிருவேன்னா.

உங்களுக்குத் தெரியாது, வெளியூரு. எங்க மலையேறற வழியில அறுபது படி ஒண்ணாச் சேர்ந்தாப்புல இருக்குதுங்க. அங்க நின்னு பொய் சொல்ல மாட்டாங்க. பங்காளி சண்டை, வரப்புச் சண்டை, கொடுத்தேன் கொடுக்கலைங்கற சண்டை எல்லாத்துக்கும், அறுபதாம் படிக்கு வாடாம்பாங்க. வந்து சத்தியம் பண்ணிட்டா அதோட பேச்சு முடிஞ்சுது. கோர்ட்டுக்குப் போனவன் கூட அங்க வந்து நின்னு ராசியானதை நான் பாத்திருக்கறேன்.

நான் என்ன சொல்லோணும்? சரி கண்ணு, வர்றேன்னு சொல்லோணும். ஒரே ஒரு வார்த்தை. எம் மக கைய நீட்டிட்டு நிக்கறா. எனக்கு அவளை விட்டா யாரு இருக்கறாங்க? நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணுன்னேன். அவ எம் மூஞ்சியவே பாத்தா. அவளுக்கு இருக்கறது நான் வளர்த்த காது தம்பி, எங்க சத்தம் மாறுதுன்னு கண்டுபுடிச்சுருவா. கைய விட்டுட்டா. கரூர் பஸ்ல போயி ஏறிட்டா.

அந்த டாக்டரு மேல எனக்குக் கோவம் எதுக்குன்னு நெனைக்கறீங்க? அது பொய் சொல்லிட்டு இருந்துது தம்பி. எனக்காக, முப்பது வாரமா, டீ வாங்கிக் கொடுத்துப் பொய் சொல்லுச்சு. எனக்குத் தெரியாமையா போச்சு? இன்னும் நாலு வருசம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் எத்தனை நாளைக்கு இருந்துறப் போறேன்?

நீங்க எம் பக்கம் பாக்காதீங்க. அப்படியே வெளிய பாத்துட்டு இருங்க. இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. டாக்டருக்குத் தெரியாது. கோகிலாவுக்குத் தெரியாது. எந்தச் சீட்டுலயும் எழுதலை. எழுதினது மூணு தடவைதான். நாலாவது ஒண்ணு இருக்குது.

அன்னிக்குக் காலையில சேலை கட்டிட்டு இருந்தா. கொசுவத்தைச் சொருகப் போனவ, அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா. ஏனுங்க, இது பல்லு இல்லீங்க, நெஞ்சுக்குள்ளதான் என்னமோ பண்ணுது, அந்தப் புள்ள சொன்ன ஆசுபத்திரிக்கே போயிரலாமுங்கன்னா. முப்பத்தாறு வருசத்துல அவ எனக்கு ஒரு யோசனை சொன்னது அதுதான் தம்பி. உனக்கென்னடி தெரியும்னேன். கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும், எந்திரின்னேன்.

எந்திரிச்சா. சேலையக் கட்டி முடிச்சுட்டு, எம் பின்னாலயே வந்தா.